கனகத்தின் பதக்கமும் என் கத்திரியும்

1. சேர்ந்த அன்று சொன்னது

டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராகச் சேர்ந்த அன்று முதலாளி எனக்கு இரண்டே விஷயம் சொன்னார். கேபினுக்குள் பீடி கூடாது. படத்தில் கத்திரி வைக்கக் கூடாது.

"பிலிம் அறுந்துச்சுன்னா என்கிட்ட வந்து சொல்லு. நான் பாத்த பொறவு ஒட்டு. நீயா கத்திரி எடுத்தீன்னா அன்னைக்கே மூட்டையக் கட்டிக்க, மாதையா."

பீடிப் பழக்கம் எனக்குக் கிடையாது. பயப் பழக்கம்தான் உண்டு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். தர்மபுரியில் ஒரு ரைஸ் மில்லில் ஆயில் என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்து, அங்கிருந்து சேலத்துக்குப் போய் ஒரு கொட்டகையில் மெஷின் வேலை கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் பரீட்சையில் வாயால் கேட்டார்கள், வாயால் சொன்னேன். எழுதச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தக் காலத்துப் பிலிம் இப்போது இருப்பதுபோல் இல்லை. தீப்பொறி பட்டால் வெடிமருந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் ஆட்டம் தொடங்குமுன் மணல் வாளியை ஒரு தடவை பார்ப்பேன். நனைத்த சாக்கை ஒரு தடவை தொடுவேன். கேபின் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பேன். பிறகு இந்த மூன்றையும் மறுபடி முதலிலிருந்து செய்வேன். டிக்கெட் கிழிக்கிறவர்கள் சிரிப்பார்கள். "மாதையன் கேபினைச் சுத்திக் கும்புட்டாச்சு, பாட்டுப் போடலாம்" என்பார்கள். ரெகார்டு பாட்டு கேட்டால்தான் ஊர் ஜனம் கிளம்பும்.

இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரே ஒரு மெஷின். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டிவிட்டு மறுபடி அணைக்க வேண்டும். பதினொரு ரீல் படம் என்றால் பத்துத் தடவை விளக்கு எரியும். அந்த நேரத்தில் சோடா விற்கும், சண்டை நடக்கும், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வருவார்கள். ஜனங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

2. ஒன்ஸ்மோர்

உலகச் சண்டை நடந்த காலம். அரூரில் முகாம் போட்டிருந்தோம். மெஷினுக்கு ஆர்க் வெளிச்சம் தரும் கார்பன் குச்சி கிடைப்பது பெரும்பாடு. தேய்ந்த துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து எரிப்பேன். புதுப்படம் வருவதும் அரிது. அதனால் ஒரே படத்தை வாரக்கணக்கில் ஓட்டினோம்.

அந்தப் படத்தில் ஒரு சிறுமி. பெயர் கனகம், ஒன்பது வயது. கதையில் அவள் தாயை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள். தாய் தெருவில் இறங்கிப் போவாள். சிறுமி கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஓடமாட்டாள், கூப்பிடமாட்டாள், பேச்சே கிடையாது. காமிரா அவள் முகத்துக்குக் கிட்டப் போகும். இடது கண்ணில் நீர் திரண்டு, கன்னத்தில் மெல்ல இறங்கி, தாடையில் ஒரு கணம் நின்று சொட்டும். அவ்வளவுதான். சொட்டும்வரை கொட்டகையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

முதல் வாரம், சந்தை நாளில், சித்தேரி மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவந்த ஜனங்கள் தரை டிக்கெட்டில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கண்ணீர் சொட்டியதும் ஒருவர், அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பக்கத்தில் இருந்த அரூர்க்காரர்கள் அதை "ஒன்ஸ்மோர்" ஆக்கினார்கள். கத்தல் அடங்கவில்லை. முதலாளி கேபினைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். மெஷினை நிறுத்தி, ரீலைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி ஓட்டினேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தினமும் ஒன்ஸ்மோர். சந்தை நாளில் இரண்டு. ஜனங்கள் அதற்காகவே வந்தார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதற்காக ரீலின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி அடையாளம் வைத்தேன். கண்ணீர் தாடைக்கு வந்ததும் மெஷினை நிறுத்துவேன்.

ஓடுகிற மெஷினைச் சட்டென்று நிறுத்தினால் பிலிமின் ஓரத்துத் துளைகளை ஸ்ப்ராக்கெட் பல் இழுக்கும். ஒரு நாள் நிறுத்தினால் ஒன்றுமில்லை. தினமும் அதே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் கிழியும். ஜனங்கள் எந்த இடத்தை மிகவும் விரும்பினார்களோ அந்த இடம்தான் முதலில் கிழிந்தது.

முதல் தடவை அறுந்தபோது முதலாளி கார்பன் வாங்கச் சேலம் போயிருந்தார். காத்திருக்க முடியாது, ஜனம் கத்துகிறது. கத்திரியை எடுத்துக் கிழிந்த இரண்டு பிரேமை வெட்டிவிட்டு ஒட்டினேன். அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வந்தார், களைத்திருந்தார், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் மறுபடி அறுந்தது. நேற்று வெட்டியதைச் சொல்லாமல் இன்று வெட்டியதை எப்படிச் சொல்வது? இப்படியே மூன்று நாள், ஏழு நாள், ஒரு மாதம்.

வெட்டிய துண்டுகளைத் தூக்கிப்போடவும் பயம். யாராவது பார்த்துவிட்டால்? வைத்திருக்கவும் பயம், தீப்பிடித்தால்? கடைசியில் ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் மடித்து, மேலே தேதி எழுதி, ஒரு மண்பானையில் போட்டு, கேபினுக்குப் பின்னால் ஈர மணலில் பாதி புதைத்து வைத்தேன். எண் எழுத நாலாம் வகுப்புப் படிப்பு போதும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு திரையில் கண்ணீர் கண்ணில் திரண்டது தெரியும், அடுத்த நொடி தாடையில் இருக்கும். நடுவில் இறங்குவதே இல்லை. புதிதாகப் பார்க்கிறவனுக்கு ஒரு வெட்டுத்தான் தெரியும். முன்பே பார்த்தவர்கள் மனத்தில் இருக்கும் பழைய கண்ணீரைப் பார்த்து அழுதார்கள்.

3. புளியில் செய்த பதக்கம்

அப்போதெல்லாம் நாடகத்தில் நன்றாக நடித்த பிள்ளைகளுக்கு ஊரார் வெள்ளிப் பதக்கம் குத்துவது வழக்கம். சினிமாப் பிள்ளைகளுக்கு யாரும் குத்தியதை நான் பார்த்ததில்லை. நிழலின் சட்டையில் எப்படிக் குத்துவது? சித்தேரி ஜனங்கள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று மலையிலேயே பேசி முடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு தூக்குப் புளி கொண்டுவந்து புளிமண்டி தீர்த்தகிரி அவர்களிடம் இறக்கிவிட்டார்கள். இதை விற்று ஒரு மெடல் செய்து கொடுங்கள், நீங்களே உங்கள் கையால் குத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தீர்த்தகிரி சினிமா பார்க்கிறவர் அல்ல. ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். சேலத்தில் வெள்ளிப் பதக்கம் செய்யக் கொடுத்தார். முதலாளி படக் கம்பெனிக்கு எழுதினார். கனகம் சேலத்தில்தான் தாயோடு இருக்கிறாள், வருகிறாள் என்று பதில் வந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தண்டோரா போட்டு, வண்டியில் நோட்டீஸ் ஒட்டி, சந்தை நாளாகப் பார்த்து முதல் ஆட்டத்தில், ஐந்தாம் ரீல் முடிந்ததும் பதக்கம் என்று முடிவானது. அந்தக் கண்ணீர் ஐந்தாம் ரீலில்தான் இருக்கிறது.

அதற்கு முந்தின நாள் தீர்த்தகிரி கொட்டகைக்கு வந்தார். நான் கார்பன் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முதலாளியிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"இது என் காசு இல்லீங்க. என் காசுன்னா கண்ண மூடிக்கிட்டு குத்திடுவேன். மலைக்காரங்க புளி. புளின்னா நான் ஒவ்வொரு மூட்டையா பிரிச்சுப் பாத்துதான் எடுக்கறது. அந்தப் புள்ள அழுவறதை நாளைக்கு என் கண்ணால பாக்கறேன். நெசமா இருந்தா குத்தறேன். இல்லைன்னா வெள்ளியத் திருப்பி அவுங்க கையிலயே குடுத்துடறேன்."

முதலாளி சிரித்தபடி, நீங்கள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போகிறீர்கள் பாருங்கள் என்றார்.

என் கையில் இருந்த கார்பன் விழுந்து உடைந்தது. நல்ல கார்பன். அவர் பார்க்கப் போவது என்ன? திரண்ட கண்ணீர், பிறகு தாடையில் கண்ணீர். நடுவில் ஒரு குதிப்பு. அவருடைய மனத்தில் பழைய கண்ணீர் கிடையாது. ஊர் முன்னால் அந்தப் பிள்ளையை நிறுத்திவைத்து, பதக்கம் இல்லை என்று சொல்லப்போகிறார். அதற்குக் காரணம் என் கத்திரி.

4. அன்று பிற்பகல்

சந்தை நாளன்று கனகம் மதியமே வந்துவிட்டாள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது கரிப் புகையில் ஓடும் கேஸ் பஸ்தான். மஞ்சவாடி கணவாயில் ஏறமாட்டேன் என்று நின்று, எல்லோரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். தாயும் மகளும் முகமெல்லாம் கரியோடு வந்து இறங்கினார்கள். திரையில் பார்த்ததில் பாதிதான் இருந்தாள். முதலாளி அவளைக் கேபினுக்குக் கூட்டிவந்து மெஷினைக் காட்டினார். "இவருதான் உன்னைத் தினமும் அழுவ வைக்கிறவரு" என்றார்.

அவள் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் இன்னும் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை அண்ணே என்று சொன்னாள். நடித்துவிட்டு வந்ததோடு சரி. சேலத்தில் படம் ஓடியபோது அவளுக்கு அம்மை போட்டிருந்ததாம். இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறாளாம்.

அவர்கள் போனதும் பானையைத் தோண்டி எடுத்தேன். சாகுபடிக்காரன் விதைப்பானையைத் திறப்பதுபோலத் திறந்தேன். துண்டுகள் எல்லாம் இருந்தன. ஈர மணலின் குளிர்ச்சியில் சுருளாமல் இருந்தன. மொத்தம் நூற்றுப் பத்துப் பிரேம் இருக்கும். கண்ணீர் கன்னத்தில் இறங்கும் நேரம் முழுவதும் அந்தப் பானைக்குள் கிடந்தது.

ஒட்ட வேண்டும். எந்தத் துண்டுக்குப் பின்னால் எந்தத் துண்டு? வெட்டிய தேதி உதவாது, ஏனென்றால் ஒரு நாள் மேலே கிழியும், ஒரு நாள் கீழே கிழியும். கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஒவ்வொரு துண்டையும் வெயிலில் பிடித்துக் கண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இமைக்குக் கீழே, மூக்குக்கு நேரே, கன்னத்து மச்சத்துக்கு மேலே, மச்சத்தின்மேல், மச்சத்துக்குக் கீழே. பலகையில் வெள்ளைத் துணியை விரித்து அந்த வரிசையில் அடுக்கினேன். என் வாழ்க்கையில் ஒரு பிள்ளையின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, என் பிள்ளையைக்கூட.

பிறகு வேலை. ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி, அழுத்திப் பிடித்து, எண்ணி இருபது. கிழிந்த துளைகளுக்கு வேறொரு வீணான பிலிமின் ஓரத்தை நறுக்கி ஒட்டினேன். ஒட்டு வரும் இடத்தில் சத்தம் டொப்பென்று கேட்கும், அதனால் சவுண்ட் டிராக்கின்மேல் கறுப்பு மை தடவினேன். சட்டையைக் கழற்றிவிட்டேன், வியர்வை பிலிமில் சொட்டக் கூடாது என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன்.

முழுவதும் முடிந்ததும் வரிசையைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். சரிதான். அங்கே விட்டிருக்க வேண்டும். நான் மூன்றாம் தடவை பார்த்தேன். எட்டுப் பிரேம் கொண்ட ஒரு துண்டு இடம் மாறியிருப்பதுபோலத் தோன்றியது. வெயில் சாய்ந்துவிட்டது, மச்சமா தூசியா என்று தெரியவில்லை. பயத்தில் அதைப் பிரித்து, அடுத்த துண்டுக்குப் பின்னால் மாற்றி ஒட்டினேன்.

எங்குமே சேராமல் இரண்டு பிரேம் மிச்சமானது. ஒன்று கண்ணீர் வருவதற்கு முன்பு. மற்றது அது தாடையில் தொங்கும்போது, சொட்டப்போகிற கணம். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த இரண்டையும் அதன் பையில் போட்டுக்கொண்டேன்.

5. ஐந்தாம் ரீல்

கொட்டகை பிதுங்கியது. சித்தேரி ஜனங்கள் கீழே, மண்ணைக் குவித்துத் திண்டு மாதிரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தீர்த்தகிரியை முன் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் பக்கத்தில் கனகம், பச்சைப் பாவாடை, முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். அவள் தாய் பெண்கள் பக்கம் இருந்தார்.

நாலாம் ரீல் முடிந்து ஐந்தாம் ரீலை மாட்டினேன். மெஷின் ஓடத் தொடங்கியதும், பிலிம் விளக்குக்கு நேரே கடந்துபோகும் கேட்டுக்குப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றேன். ஒட்டு பிரிந்தால் பிலிம் கேட்டில் சிக்கும். சிக்கினால் ஆர்க் சூட்டில் எரியும். எரிந்தால் திரையில் அவள் முகத்தின் நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை விழுந்து பெருகுவதை அவளே பார்ப்பாள்.

நாதாங்கி வந்தது. முகம் வந்தது. முதல் ஒட்டு டிக்கென்று கேட்டைத் தாண்டியது. இரண்டாவது, மூன்றாவது. ஒரு மாதம் கழித்துக் கண்ணீர் அவள் கன்னத்தில் முழுசாக இறங்கியது. கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. ஒட்டுகள் எல்லாம் தாங்கின. சொட்டியதும் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். நான் பார்த்தது ஒட்டுகளைத்தான், திரையை அல்ல.

ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. முதலாளி மேடைப் பலகைமேல் ஏறி, தீர்த்தகிரியையும் கனகத்தையும் அழைத்தார். அவள் ஏறியதும் இடது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். பதக்கம் குத்த வசதியாக அப்படி நிற்க வேண்டும் என்று தாய் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

தீர்த்தகிரி கையில் பதக்கப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை.

"பொண்ணு நல்லாத்தான் நின்னுது. எனக்கு ஒரு சந்தேகம். அதைச் சொல்லிடறேன். கண்ணீரு எறங்கிச்சு, சரி. பாதியில திரும்பி மேல ஏறுச்சு. ஏறிட்டு மறுக்கா எறங்குச்சு. புளியில கொட்டை பாத்துப் பழகுன கண்ணு இது, தப்பாப் பாக்காது. அழுவற புள்ளைக்குக் கண்ணீரு மேல ஏறுமா? மெஷின்ல ஏதோ பண்ணி அழுவ வச்சிருக்காங்க. புளி குடுத்தது புள்ளைக்கு, மெஷினுக்கு இல்ல. இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க, பாத்துடலாம்."

கூட்டத்தில் பாதிப்பேர் அவர் சொன்னதையே கேட்கவில்லை. "இன்னொரு வாட்டி" என்றது மட்டும் கேட்டது. ஒன்ஸ்மோர் என்று கத்தத் தொடங்கினார்கள். முதலாளி கேபினைப் பார்த்துக் கையைச் சுழற்றினார்.

மூன்றாம் தடவை பார்த்து மாற்றி ஒட்டிய எட்டுப் பிரேம் எனக்கு நினைவு வந்தது.

மறுபடி ஓட்டினால் ஒட்டுகள் தாங்காது. தாங்கினாலும் கண்ணீர் மறுபடி மேலேதான் ஏறும். மெஷின் ரிப்பேர் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்போது என் வேலை பிழைக்கும். சந்தேகம் மட்டும் அவள்மேல் நிற்கும். எதுவும் செய்யாமல் கேபின் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனகம் தீர்த்தகிரியைப் பார்த்தாள், கத்துகிற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு முன்னால் தள்ளி வைத்திருந்த தோளை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நான் கார்பனைப் பிரித்து ஆர்க்கை அணைத்தேன். ஐந்தாம் ரீலைத் தூக்கிக்கொண்டு கேபினைவிட்டு இறங்கினேன். ஆட்டம் நடக்கும்போது ஆபரேட்டர் கேபினைவிட்டு இறங்கக் கூடாது. அன்றைக்கு அதையும் மீறினேன்.

6. டார்ச் லைட்

மேடைக்கு நடந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தேன். அங்கே போனதும் அதில் ஒன்றும் வரவில்லை.

"கண்ணீரு மேல ஏறுனது என் தப்புங்க. புள்ள மேல ஒரு குத்தமும் இல்லீங்க. ஒன்ஸ்மோர் போட்டுப் போட்டு அந்த எடம் அறுந்துபோச்சு. அறுந்ததை நான் வெட்டிட்டேன். முதலாளிக்குத் தெரியாது. இன்னைக்கு மத்தியானம் எல்லாத்தையும் எடுத்து ஒட்டுனேன். அதுல ஒரு துண்டை மாத்தி வச்சுட்டேனுங்க."

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. ரீலைப் பார்த்தார். தரையிலிருந்து ஒருவன், "அப்ப நாங்க அழுததெல்லாம் உங்கிட்ட இருக்குதாடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தேரிக்காரர் ஒருவர் எழுந்தார். முதல் வாரம் இன்னொரு தடவை காட்டச் சொன்ன அதே ஆள். நிதானமாகப் பேசினார். போன மாசம் நான் பார்த்தபோது கண்ணீர் கீழேதான் இறங்கியது, ஒரு தடவைதான் இறங்கியது, எங்கள் ஊர் ஆட்கள் எல்லோரும் பார்த்தோம் என்றார்.

தீர்த்தகிரி மடியிலிருந்து டார்ச் லைட்டை எடுத்தார். பெட்ரோமாக்ஸைப் பிலிமுக்குக் கிட்டக் கொண்டுவந்தவனை முதலாளி விரட்டினார். நான் ரீலிலிருந்து அந்த இடத்தை உருவிக் கொடுத்தேன். தீர்த்தகிரி டார்ச்சைப் பின்னால் பிடித்து, ஒவ்வொரு பிரேமாக விரலால் நகர்த்திப் பார்த்தார். புளி பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார், அவசரமே இல்லை. கூட்டம் தானாக அமைதியானது. சோடாக்காரன்கூட நின்றுவிட்டான்.

ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தத் துண்டு இதுக்கு முன்னால வரணும். மச்சத்தப் பாரு."

"ஆமாங்க."

"மொதல்ல சரியா வச்சிருந்தியா?"

"வச்சிருந்தனுங்க. பயத்துல மாத்திட்டேன்."

"இத்தினி துண்டையும் எதுக்குப் பத்தரமா வச்சிருந்த?"

"அதுவும் பயத்துலதானுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு டார்ச்சை அணைத்துவிட்டு, கனகத்துக்கு முன்னால் குனிந்தார். கேட்க வேண்டியதை அவளிடமே கேட்டுவிடுகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, "ஏம்மா, நெசமாவே அழுதியா?" என்றார்.

அவள் தாய் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கனகம் கொஞ்சம் யோசித்தாள்.

"அழுதேங்க. ஆனா கதைக்காக இல்லீங்க. காலையில இருந்து நிக்க வச்சிருந்தாங்க. பசிச்சுது. சாப்பிட்டா மூஞ்சி மாறிடும், அழுவாச்சி வராதுன்னு சோறு குடுக்கல. அந்தம்மா தெருவுல போனாங்கல்ல, அவுங்க சாப்புடத்தான் போறாங்கன்னு எனக்குத் தெரியும். அதைப் பாத்துதான் வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். தீர்த்தகிரி நிமிர்ந்தார். சித்தேரி ஜனங்கள் இருந்த பக்கம் திரும்பி, என்ன சொல்கிறீர்கள் என்பதுபோலப் பார்த்தார். அந்த மனிதர் மறுபடி எழுந்தார். "பசிக்கு அழுதாலும் எங்க கண்ணுல தண்ணி வந்துச்சுங்களே. குத்துங்க" என்றார்.

தீர்த்தகிரி பெட்டியைத் திறந்தார். கனகத்தின் தோள் தானாக முன்னால் வந்தது. ஊசி தோளில் பட்டுவிடாமல் துணியை விரலால் தூக்கிப் பிடித்துக் குத்தினார். துண்டை எடுக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. குத்தி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நெசத்தச் சொன்னதுக்குன்னா இன்னொரு மெடலும் செஞ்சிருக்கணும். ஒன்னுதான் இருக்குது, கெளம்பு, மெஷினைப் பாரு" என்றார்.

ஓடினேன். ஆறாம் ரீல் கால் மணி நேரம் தாமதம்.

7. மூட்டை

ஆட்டம் முடிந்து கனகம் தாயோடு கேபின் வாசலுக்கு வந்தாள். சட்டைப் பையில் இருந்த இரண்டு பிரேமையும் அவளிடம் காட்டி, இதில் ஒன்றை எடுத்துக்கொள் என்றேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணீர் தொங்குவதைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன்.

"அழுவாததைக் குடுங்கண்ணே. அழுவறது எல்லாரும் பாத்துட்டாங்க" என்றாள்.

பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு போனாள். தீப்பக்கம் கொண்டுபோகாதே, வெயிலில் வைக்காதே, சமையல்கட்டில் வைக்காதே என்று கொட்டகை வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு அவளைத் திரையிலும் பார்க்கவில்லை, நேரிலும் பார்க்கவில்லை. நன்றாக இருக்கட்டும். அவள் அன்று ஆமாம் என்று சும்மா சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஒன்பது வயதில் அவள் அப்படிச் சொன்ன பிறகு, இருபத்துநாலு வயதில் நான் சொன்னது பெரிய காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாதம் தாமதமாகச் சொன்னவன்தானே.

மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டார். நான் விடிவதற்குள்ளேயே மூட்டையைக் கட்டியிருந்தேன்.

"கட்டியாச்சா?"

"கட்டிட்டனுங்க."

"அவுத்துப் போடு. வெட்டுனதுக்குக் கட்டச் சொல்லணும். அத்தினி பேரு முன்னால சொன்னதுக்கு அவுக்கச் சொல்றேன்."

அவரே உட்கார்ந்து, பிலிம் கெட்டது பற்றிப் படக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஒன்ஸ்மோர் போடச் சொல்லிக் கையைச் சுழற்றியது தான்தான், ஆபரேட்டர் அல்ல என்று எழுதியிருந்தார். அதை எனக்குப் படித்துக் காட்டினார். அவர் எழுதியது பொய்யும் இல்லை. இருந்தாலும் வேறொருவராக இருந்தால் எழுதியிருக்கமாட்டார். அந்த வேலையில் அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்குமேல் இருந்தேன் என்றால் அந்தக் கடிதத்தால்தான்.

சந்தை நாளில் மட்டும் ஒன்ஸ்மோர், அதுவும் ஒன்றுதான், ரீல் முழுவதும் ஓடி நின்ற பிறகுதான் பின்னுக்குச் சுற்றுவது என்று முடிவு செய்தோம். சொட்டப்போகிற கண்ணீர் இருந்த பிரேமை நான் வைத்துக்கொண்டேன். பல வருஷம் இருந்தது. பிறகு அந்தக் காலத்துப் பிலிமுக்கு வருகிற வியாதி அதற்கும் வந்து, மஞ்சளாகி, பிசுபிசுத்து, பொடியாகிவிட்டது.

நான்காம் நாள் மறுபடி அறுந்தது. வேறொரு ரீலில், வேறொரு இடத்தில், வெறும் இரண்டு பிரேம். கத்திரியைத் தொடவில்லை. அறுந்த முனையைத் துணியில் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் கூடாரத்துக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினி?"

"ரெண்டு பிரேமுங்க."

"சரி, ஒட்டு" என்றார். நான் திரும்பினேன். கூப்பிட்டு நிறுத்தினார். பக்கத்தில் இன்னொரு தட்டைப் போட்டு, "ஒட்டறது அப்புறம். மொதல்ல உக்காந்து சாப்புடு" என்றார்.